நாற்பத்தொரு பேருக்கு ஆட்சேபணை இல்லை

ஜூலை பத்தொன்பதாம் தேதி நடந்த கூட்டத்துக்கு நாற்பத்தாறு பேர் வந்தார்கள். ஐந்து பேர் எதிர்த்துப் பேசினார்கள். மீதி நாற்பத்தொரு பேருக்கு ஆட்சேபணை இல்லை என்கிறது நகரப் பேருந்துக் கழகத்தின் அறிக்கை. அதை எழுதியவளுக்கு வயது இருபத்துமூன்று. வேலைக்குச் சேர்ந்து ஏழாவது வாரம். அந்த நாற்பத்தொரு பேரில் இருபத்தைந்து பேர் அவள் போன் போட்டு வரவழைத்த ஆட்கள்.

பொது நிர்வாகத்தில் முதுகலை படித்தவள். வேலைக்கான கடிதம் வந்த அன்று அம்மா அதை வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தாள். அம்மா ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். எந்தக் கடிதத்தையும் முத்திரையிலிருந்துதான் படிக்கத் தொடங்குவாள்.

“மக்கள் தொடர்பு, தொடர்புடையோர் ஈடுபாட்டுப் பிரிவு. அப்படின்னா என்னடி வேலை?”

“ஒரு முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி, அதனால பாதிக்கப்படறவங்ககிட்ட கருத்துக் கேக்கணும்மா. அந்தக் கேக்கற வேலை.”

“கேட்டுட்டு?”

“எழுதணும்.”

“எழுதிட்டு?”

“மேல அனுப்பணும்.”

“அட, ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர்கிட்ட போய்ச் சொல்றதுக்கு மாசச் சம்பளமா? உங்க சித்தி இத்தனை வருஷமா ஓசியில பண்றாளே!”

ஆறு மாதம் தகுதிகாண் காலம். அது முடிந்தால்தான் வேலை நிரந்தரம். பிரிவில் மொத்தம் நான்கு பேர். தலைமையில் இருந்தவரை எல்லாரும் மேடம் என்றார்கள். இருபது வருடத்தில் முந்நூறு கூட்டம் நடத்தியவர். யாரிடமும் கத்த மாட்டார், யாருக்கும் பயப்படவும் மாட்டார். கூட்டத்தில் ஆள் எகிறினால், “சொல்லுங்க, எழுதிக்கறேன்” என்று பேனாவைத் திறப்பார். பாதிப்பேர் அதிலேயே அடங்கிவிடுவார்கள்.

அவளுக்குக் கொடுத்த முதல் வேலை நூற்றுப் பதினான்காம் எண் நிறுத்தம். அதை எடுத்துவிட்டால் பேருந்துக்கு இரண்டு நிமிடம் மிச்சமாகும் என்று போக்குவரத்துப் பிரிவு கணக்குக் கொடுத்திருந்தது. நிறுத்தத்துக்கு நேர் எதிரே ஒரு சிறுநீரக மையம். பக்கத்தில் கண்ணாடிக்கடை, பிரிண்ட் கடை, இரண்டு வங்கி. அடுத்த நிறுத்தம் அறுநூற்று நாற்பது மீட்டர் தள்ளி.

யார் யாரைக் கேட்க வேண்டும் என்பதற்கு அந்தப் பிரிவில் ஒரு கட்டப்படம் உண்டு. தாளை நான்காக மடித்தது போல இருக்கும். மேலே செல்வாக்கு உள்ளவர்கள், கீழே இல்லாதவர்கள். வலது பக்கம் விஷயத்தில் அக்கறை உள்ளவர்கள், இடது பக்கம் அக்கறை இருப்பதாகத் தெரியாதவர்கள். மேல் வலது கட்டத்தில் இருப்பவர்களை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். கீழ் இடது கட்டத்துக்கு ஒரு நோட்டீஸ் ஒட்டினால் போதும்.

மையத்தை நடத்தும் டாக்டரை அவள் மேல் வலதில் போட்டாள். நேரில் போய்ப் பார்த்தாள். குளிர்சாதன அறையில் அவர் ஆறு நிமிடம் ஒதுக்கினார்.

“எங்க நோயாளிங்க பெரும்பாலும் கார்ல வர்றவங்கம்மா. எங்களுக்கு ஒண்ணும் பிரச்சனை இல்ல.”

எழுதிக்கொண்டாள். மையத்தின் நோயாளிகள் சுமார் அறுபது பேர். அவர்களைக் கீழ் இடது கட்டத்தில் போட்டாள். வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டப்பட்டது.

அவளுடைய தாய்மாமா அந்த அறுபது பேரில் ஒருவர். பதினான்கு மாதமாகத் திங்கள், புதன், வெள்ளி அங்கேதான் டயாலிசிஸ். பேருந்தில்தான் போய் வருகிறார். அந்தக் கட்டத்தைத் தட்டச்சு செய்தபோது இது அவளுக்குத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல வழியில்லாததுதான் பின்னால் அவளைத் தின்றது.

மாமா ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். குடும்பத்தில் விசில் மாமா. மைதானத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் பேசிப் பழகியதால் கல்யாண வீட்டில் ரகசியம் சொன்னாலும் வாசல் வரை கேட்கும். ரேஷன் வரிசையாகட்டும், மின்கட்டண வரிசையாகட்டும், யாராவது குறுக்கே புகுந்தால் முதல் குரல் அவருடையதுதான். இவளை மருமகளே என்று கூப்பிடுவார். இவள் பள்ளியில் நூறு மீட்டர் ஓட்டத்தில் கடைசியாக வந்தபோதும், “எல்லாரையும் முன்னாடி அனுப்பிட்டு வந்தா பாரு, அதான் பெருந்தன்மை” என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னவர்.

கழகத்தின் விதிப்படி நாற்பது பேர் வராத கூட்டம் செல்லாது. முதல் நோட்டீஸிலிருந்து எல்லாம் மறுபடி தொடங்க வேண்டும். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு வரை வருவதாகச் சொன்னவர்கள் பத்தொன்பது பேர்.

“உன் முதல் கூட்டம்,” என்றார் மேடம். “செல்லாமப் போச்சுன்னா அது உன் கோப்புலதான் ஏறும். ஆள் சேக்கறது உன் சாமர்த்தியம். காலி நாற்காலி மட்டும் என் கண்ணுல படக்கூடாது.”

யாரை எப்படி என்று மேடம் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அன்று மதியம் மாடிப்படியில் நின்றபடி போன் போட ஆரம்பித்தாள். கல்லூரித் தோழர்கள் பதினொரு பேர், குடியிருப்பில் எட்டுப் பேர், பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் நான்கு பேர், அம்மா. இருபத்துநாலு. இன்னும் ஒன்று இருந்தால் நல்லது என்று தோன்றியது.

“மாமா, சனிக்கிழமை பத்து மணிக்கு ஃப்ரீயா?”

“எனக்கென்ன மருமகளே, ஓய்வூதியக்காரன் எப்பவும் ஃப்ரீதான். என்ன விஷயம்?”

“எங்க ஆபீஸ் கூட்டம். சும்மா வந்து உக்காந்தா போதும்.”

“என்ன கூட்டம்?”

சொன்னாள். 

“அது நம்ம கிளினிக் வாசல் ஸ்டாப்பு இல்ல?”

“ஆமா மாமா. இன்னும் எதுவும் முடிவாகல. கருத்துக் கேக்கறதுதான்.”

“சரி, சரி. உனக்கு ஆள் வேணும், அவ்வளவுதானே. வந்துடறேன்.”

வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, முழுக்கை; ஊசி குத்திய இடம் தெரியாது. மூன்றாம் வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இவள் ஒலிவாங்கியைச் சரிசெய்தபோது அம்மாவிடம், “பாரு, நம்ம புள்ள மேடையில நிக்குது,” என்றார். அது மேடையிலிருந்தவர்களுக்கும் கேட்டது.

கண்ணாடிக்கடைக்காரர் எழுந்து எதிர்த்தார். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் எதிர்த்தாள். இன்னும் மூன்று பேர். வங்கி ஊழியர்கள் மூவர் ஆதரித்தார்கள்; நெரிசல் குறையுமாம். பிறகு கூட்டத் தலைவர் கேட்டார்:

“வேற யாருக்காவது ஆட்சேபணை உண்டா?”

மூன்றாம் வரிசையில் மாமாவின் கை மேலே வந்தது. தோள் உயரம் வரைக்கும். அப்போது அவர் கண் இவள் முகத்தில் பட்டது. இவள் முகத்தில் என்ன இருந்தது என்று இவளுக்குத் தெரியும். அதை இன்றைக்கும் யாரிடமும் மறைக்க முடியவில்லை: வேண்டாம் மாமா என்று இருந்தது.

அந்தக் கையால் மாமா தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு மடியில் வைத்துக்கொண்டார்.

கூட்டம் முடிந்து அலுவலகத்தில் கையெழுத்துப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றினாள். படிவத்தில் மூன்று வாய்ப்பு: எதிர்ப்பு, ஆதரவு, கருத்து இல்லை. ஆனால் இறுதி அறிக்கையில் இரண்டே வரி: ஆட்சேபணை உண்டு, ஆட்சேபணை இல்லை. வாயைத் திறக்காதவர்கள் எல்லாரும் தானாகவே இரண்டாவது வரியில் போய் விழுந்தார்கள்.

“இது சரியா மேடம்?” என்று கேட்டாள். கேட்டாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

“மௌனம் சம்மதம்னு சும்மாவா சொன்னாங்க? விதியே அப்படித்தான்,” என்றார் மேடம். “நாற்பத்தொண்ணு நல்ல எண்ணிக்கை. முதல் கூட்டத்துக்கு ரொம்ப நல்ல எண்ணிக்கை.”

அன்று சாயங்காலம் பிரிவில் எல்லாருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். இவள் இரண்டு துண்டு சாப்பிட்டாள்.

செப்டம்பர் முதல் தேதி நிறுத்தம் மூடப்பட்டது. தொண்ணூறு நாள் சோதனை. அதற்குப் பிறகு நிரந்தர ஆணை. கம்பத்தில் இருந்த பலகையைக் கழற்றிவிட்டு, ‘அடுத்த நிறுத்தத்தைப் பயன்படுத்தவும்’ என்று அம்புக்குறி போட்டார்கள். அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்ததும் அவள்தான்.

பதினேழாம் தேதி, புதன்கிழமை, மேடமும் அவளும் கள ஆய்வுக்குப் போனார்கள். மைய வாசலிலிருந்து அடுத்த நிறுத்தம் வரை நடந்து நேரம் குறிக்க வேண்டும். அவள் போனில் நிறுத்துக் கடிகாரம் ஓடியது. மதியம் ஒன்றரை. நடைபாதை பாதி தூரம்தான். பிறகு ஒரு கட்டடத்தின் மணலும் ஜல்லியும் கொட்டிக் கிடந்ததால் சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டியிருந்தது.

முந்நூறு மீட்டர் தாண்டி, பூட்டிக் கிடந்த ஒரு செல்போன் கடையின் படியில் மாமா உட்கார்ந்திருந்தார். சட்டைக்கை மடித்து விட்டிருந்தது. முழங்கை மடிப்பில் பஞ்சும் பிளாஸ்திரியும். வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். முகம் நனைந்த அட்டை போல வெளுத்திருந்தது.

இவள் நின்றுவிட்டாள். மேடம் திரும்பினார்.

“தெரிஞ்சவரா?”

“பாத்த மாதிரி இருக்கு மேடம்,” என்றாள்.

அது எப்படி வாயிலிருந்து வந்தது என்று அவள் பல நாள் யோசித்திருக்கிறாள். இருபத்தைந்து பேர் விஷயம் வெளியே வந்துவிடுமே என்ற பயம் என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். காரணம் எதுவாக இருந்தாலும், மூன்றடி தூரத்தில் இருந்த மாமாவுக்கு அது கேட்டது. ஒரே ஒரு தரம் இவளைப் பார்த்தார். பிறகு மேடத்தைப் பார்த்தார்.

“என்னங்க, உடம்பு முடியலையா? தண்ணி வேணுமா?” என்றார் மேடம்.

“அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. சும்மா காத்து வாங்கறேன். நீங்க போங்க, உங்களுக்கு வேலை இருக்கும்.”

அவர் சின்னக் குரலில் பேசி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

நடந்தார்கள். கடைசிவரை ஏழரை நிமிடம். மேடம் அதைக் குறித்துக்கொண்டார். இவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மாமா வீட்டுக்குப் போனாள். அத்தை இறந்த பிறகு மாமா தனியாகத்தான் இருக்கிறார். இரண்டு அறை, முதல் மாடி. கதவைத் திறந்தவர் ஒரு கணம் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி நடந்தார்.

“வாங்க. எங்கயோ பாத்த மாதிரி இருக்கு.”

அவள் வாசலிலேயே அழ ஆரம்பித்தாள்.

“ஏய், ஏய். உள்ள வந்து அழு. மாடி வீட்டுக்காரம்மா நான் ஏதோ பண்ணிட்டேன்னு நெனைக்கப்போறா.”

உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். தனக்கு அரை டம்ளர் மட்டும் ஊற்றிக்கொண்டார். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளவு உண்டு.

“எவ்வளவு நேரம் ஆகுது மாமா, அந்தத் தூரம் நடக்க?”

“போறப்ப ஒண்ணுமில்ல. வர்றப்பதான், ரத்தத்தையெல்லாம் எடுத்துக் கழுவி உள்ள விட்டப்பறம், கால் நம்ம பேச்சைக் கேக்கறதில்ல. ரெண்டு எடத்துல உக்காருவேன். இருபது நிமிஷம், இருபத்தஞ்சு நிமிஷம்.”

“டாக்சியில வரக்கூடாதா?”

“வாரம் மூணு தடவையா? எனக்கு வர்றது பென்ஷன் மருமகளே, புதையல் இல்ல.”

“அன்னிக்குக் கூட்டத்துல ஏன் பேசல நீங்க?”

மாமா டம்ளரைக் கீழே வைத்தார்.

“நீ மேடையில நிக்கற. மொத வேலை. உங்க மேடம் பக்கத்துலயே உக்காந்திருக்காங்க. நானே எந்திரிச்சு, இந்தப் பொண்ணு சொல்றது தப்புன்னு கத்துவேனா? ஊர்ல இருக்கற வரிசைக்கெல்லாம் சண்டை போட்டவன்தான். ஆனா உன் வரிசையில போய்…” என்று நிறுத்தினார். “சரி விடு. இன்னும் அஞ்சு பேர் பேசினாங்கல்ல, போதும்னு நெனச்சேன்.”

“நீங்க பேசாததை நான் ‘ஆட்சேபணை இல்ல’ன்னு எழுதிட்டேன் மாமா.”

அது அவருக்குத் தெரியாது. அறிக்கையை யார் படிக்கிறார்கள்? அவள் முழுவதும் சொன்னாள்: கட்டப்படம், நாற்பது பேர் விதி, இருபத்தைந்து போன், நாற்பத்தொன்று, கேக் உட்பட. மாமா குறுக்கே பேசாமல் கேட்டார்.

“அப்ப நான் கையெழுத்துப் போட்டு என் பஸ்ஸை நானே நிறுத்தியிருக்கேன்,” என்றார் கடைசியில். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “இதை யார்கிட்டயும் சொல்லிடாத. கிளினிக்ல பக்கத்து படுக்கைக்காரன் தினம் உங்க கழகத்தைத் திட்டறான். நானும் சேந்து திட்டிட்டு இருக்கேன்.”

திங்கட்கிழமை அவள் மேடத்தின் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, நின்றபடியே சொன்னாள். படியில் இருந்தவர் யார் என்பதையும் சொன்னாள்.

மேடம் வெகுநேரம் பேனாமூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

“நீ ஆள் கூட்டிட்டு வந்திருப்பேன்னு தெரியும். எல்லாரும் செய்யறதுதான். நானும் செஞ்சிருக்கேன். ஆனா பாதிக்கப்படறவரையே கூட்டிட்டு வந்து வாயை மூடி உக்கார வச்சது நீ ஒருத்திதான்.” பிறகு, “இதை எழுதிக் குடுத்தா உன் நிரந்தரக் கடிதம் நிக்கும். யோசிச்சியா?”

“யோசிச்சேன் மேடம்.”

“சும்மா மன்னிப்புக் கடிதம் செல்லாது. கையெழுத்தைத் திரும்பப் பெறணும்னா போட்டவங்களே எழுதித் தரணும். இருபத்தஞ்சு பேரும்.”

இருபத்தைந்து வீட்டுப் படி ஏறுவது என்பது அவள் நினைத்ததைவிட நீளமான வேலை. எல்லாரிடமும் முதலில் இருந்து சொல்ல வேண்டியிருந்தது. சொல்லச் சொல்ல வாக்கியம் பழகிப்போனது, முகம் மட்டும் பழகவில்லை. தோழர்களில் இருவர் எதற்கு வந்தோம் என்பதையே மறந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர், “பொண்ணு கூப்பிட்டுதேன்னு வந்தேன். இனிமே நீ கூப்பிட்டா வக்கீலைக் கூட்டிட்டுத்தான் வருவேன்,” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சித்தப்பா மகன் வீடு முழுக்கக் கேட்கும்படி கத்தினான்:

“அடிப்பாவி! என் கையெழுத்தை வச்சு விசில் மாமா பஸ்ஸுக்கே விசில் ஊதிட்டியா?”

அம்மாவைக் கடைசியில் வைத்திருந்தாள். அண்ணன் நடந்து வருவது அம்மாவுக்குத் தெரியாது; நிறுத்தம் மூடினதிலிருந்து டாக்சியில் வருகிறார் என்று நினைத்திருந்தாள், மாமா சொல்லியிருக்கவில்லை. சமையலறை மேஜையில் காகிதத்தை வைத்துவிட்டு இவள் சொல்லி முடித்தபோது அம்மா காய் நறுக்கும் கத்தியைக் கீழே வைத்தாள்.

“நான் உனக்கு நாற்காலி ரொப்ப வந்தேன். எங்க அண்ணன் காலை வாரவா வந்தேன்?”

அம்மா காகிதத்தை எடுத்துப் படித்தாள்.

“தெருவுல உக்காந்திருந்தவரை யாருன்னு தெரியாதுன்னு சொன்னியா?”

“பாத்த மாதிரி இருக்குன்னு…”

“ரெண்டும் ஒண்ணுதான்.” அம்மா பேனாவை எடுத்து, எழுத்தருக்கே உரிய திருத்தமான கையெழுத்தைப் போட்டு, தேதியும் எழுதி, காகிதத்தை இவள் பக்கம் தள்ளினாள். அதற்கப்புறம் மூன்று நாள் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

செப்டம்பர் இருபத்தொன்பதாம் தேதி இருபத்தைந்து கடிதங்களும் அவளுடைய குறிப்பும் கழகக் குழுவின் செயலாளருக்குப் போயின. குறிப்பு ஒரு பக்கம். கூட்டத்துக்கு உண்மையில் வந்தவர்கள் இருபத்தொரு பேர். அவர்களில் எதிர்த்தவர்கள் ஐந்து, ஆதரித்தவர்கள் மூன்று, பேசாதவர்கள் பதின்மூன்று. அறுபது நோயாளிகளில் ஒருவரிடமும் கருத்துக் கேட்கப்படவில்லை. அவர்களில் ஒருவர் கையை உயர்த்தினார், உயர்த்தியதை நான் பார்த்தேன், பதிவு செய்யவில்லை. இந்தக் கடைசி வரியை எடுத்துவிடலாம் என்று மேடம் சொன்னார். அவள் எடுக்கவில்லை. மேடமும் வற்புறுத்தாமல் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

குழு அக்டோபர் ஏழாம் தேதி கூடியது. அவளை வரச் சொன்னார்கள். நீள மேஜையைச் சுற்றி ஒன்பது பேர். ஒருவர் கேட்டார், “இனிமே வருகைப் பதிவேட்டுல உறவுமுறைன்னு ஒரு பத்தி சேக்கணுமா என்ன?” சிலர் சிரித்தார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, சேர்க்கலாம் சார் என்றாள். ஜூலைக் கூட்டம் செல்லாது என்று முடிவானது. அவளுடைய தகுதிகாண் காலம் இன்னும் ஆறு மாதம் நீண்டது.

சாயங்காலம் மாமாவுக்குப் போன் செய்தாள்.

“மறுபடி கூட்டம் போடறாங்க மாமா. கிளினிக் காத்திருப்பு அறையிலேயே. நான் யாரையும் கூப்பிடக் கூடாது. உங்களையும்தான்.”

“நீ எதுக்குக் கூப்பிடணும்? நோட்டீஸைப் பாத்து நானே வருவேன். இந்தத் தடவை பேசுவேன், கேட்டுக்க. உன் மூஞ்சிய நான் பாக்கவே மாட்டேன்.”

“அதுவரைக்கும் நான் கூட நடந்து வரட்டுமா? லீவு போட்டுட்டு?”

“வேணாம். நீ பக்கத்துல வந்தா நான் வேகமா நடக்கற மாதிரி நடிக்கணும். அதுக்குத் தெம்பில்ல.”

மறுகூட்டம் அக்டோபர் பதினெட்டு, சனிக்கிழமை, காலை பதினொரு மணிக்கு. அதுவரை நூற்றுப் பதினான்காம் நிறுத்தம் மூடியே இருக்கும். இடைக்காலத்தில் திறக்க விதியில்லை. எட்டு, பத்து, பதின்மூன்று, பதினைந்து, பதினேழு ஆகிய ஐந்து டயாலிசிஸ் நாட்களும் மாமா அடுத்த நிறுத்தம் வரை நடந்துதான் போக வேண்டும்.